முட்டிச் சில்லின் மேல் விழுந்த பழி: ஆறு வருட முழங்கால் வலி, ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) கிளினிக் மாடியில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, சிகிச்சைக்கு நேரம் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போன ஒரு பெண்ணைத் தற்செயலாகக் கவனித்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் இறக்கி, அப்புறம் இடது காலைக் கொண்டுவந்து சேர்த்தார். மொத்தம் 14 படிதான். கீழே போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவருக்கு வயது 36.

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 11 வருடமாகச் சேலைப் பிரிவில் வேலை செய்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடுவில் நான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். இயன்முறை சிகிச்சை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

சொன்னதும் கேட்டதும்

வலி வலது முழங்காலின் முன்பக்கம், முட்டிச் சில்லைச் சுற்றி. "இங்கதான்" என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியவில்லை. உள்ளங்கையைச் சில்லின் மேல் குவித்து வைத்து, "படி இறங்குறப்ப உள்ள யாரோ கல்லு வச்சு அரைக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்தால் எழுந்திருக்கும்போது வலி. முன்பெல்லாம் தரையில் குந்தி அடித்தட்டுச் சேலைகளை எடுத்தபோதும் வலி. சமதரையில் நடந்தால் பெரிதாக இல்லை. முட்டி பூட்டிக்கொள்வது, நழுவி விடுவது, பந்து போல வீங்குவது எதுவும் இல்லை.

ஆறு வருடத்தில் எல்லாம் பார்த்துவிட்டார். தைலம், எலாஸ்டிக் உறை, வலி மாத்திரை, ஒரு இடத்தில் 10 நாள் மின்சிகிச்சை. எக்ஸ்ரே மூன்று தடவை எடுத்திருந்தார். மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூட்டு இடைவெளி நன்றாகவே இருந்தது. சில்லு அதன் பள்ளத்தில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் எங்கோ யாரோ அவரிடம் "தேய்மானம் ஆரம்பிச்சிருச்சு, குந்தாதீங்க, படி ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் குந்துவதை நிறுத்திவிட்டார். வீட்டு வாசலில் கோலம் போடுவது மாமியார் வேலையாகிவிட்டது. கனமான எதையும் இடது காலில் தாங்கியே தூக்கப் பழகிவிட்டார்.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் சொல். நம் ஊரில் அது ஒரு தீர்ப்பு மாதிரி. தேய்ந்தது திரும்ப வளராது, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும் என்றுதான் கேட்பவர் மனதில் பதியும். ஆனால் தேய்வதாகச் சொல்லப்படும் குருத்தெலும்பில், அதாவது மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் வழவழப்பான உறையில், நரம்பே கிடையாது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை தன் முழங்கால்களையே இதற்குச் சோதனைக் களமாக்கினார். மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து செலுத்தாமல், விழித்திருந்தபடியே, ஆர்த்ரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வழியாக உள்ளே ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்க்கச் சொல்லி, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று பதிவு செய்து 1998-ல் வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு வலியே தெரியவில்லை. சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டும் மூட்டின் உள்சவ்வும்தான் உயிர் போகிற மாதிரி வலித்தன. இந்தத் திசுக்கள் எரிச்சல் அடைந்தால், எக்ஸ்ரே பளிச்சென்று இருக்கும்போதும் முட்டி வலிக்கும். எரிச்சலை அடக்கவும் முடியும். இதைத்தான் அந்த அக்காவிடம் முதல் நாளே, அவசரப்படாமல் உட்கார்ந்து சொன்னேன்.

சில்லுக்கு ஏன் இவ்வளவு பாரம்

முட்டிச் சில்லு தொடையின் முன்தசையான குவாட்ரிசெப்ஸின் தசைநாருக்குள் பதிந்திருக்கும் எலும்பு. காலை மடக்கி நீட்டும்போது தொடை எலும்பின் நுனியில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழுமாக ஓடும். தசை இழுக்க இழுக்க, சில்லு பள்ளத்தின் மேல் அழுந்தும். 1972-ல் ரெய்லி, மார்ட்டென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இன்றும் புத்தகங்களில் இருக்கிறது: சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி, படிகளில் 3.3 மடங்கு, ஆழமாகக் குந்தும்போது 7 மடங்குக்கும் மேல். இந்த அக்காவின் எடை 62 கிலோ. நடக்கும்போது சுமார் 31 கிலோ அழுத்தம், ஒவ்வொரு படிக்கும் கிட்டத்தட்ட 200 கிலோ. அவர் வேலை செய்வது மூன்றாவது மாடி, சரக்கு இருப்பது நிலவறை. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

200 கிலோ என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். நல்ல முழங்கால் இதை வாழ்நாள் முழுக்கத் தாங்கும், அதற்கென்றே அமைந்தது. அந்தப் பாரம் சில்லின் பரப்பு முழுக்கப் பரவாமல், ஒரு ஓரத்திலேயே திரும்பத் திரும்ப விழும்போதுதான் சிக்கல்.

சோதித்ததில்

தசைநாண்கள், சவ்வுகள், இடுப்பு மூட்டு, முதுகு எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்தேன். சில்லை அழுத்திப் பார்க்கும் பழைய சோதனைகளை நான் அதிகம் நம்புவதில்லை, நன்றாக இருக்கும் முட்டியில்கூட அவை வலியை வரவழைக்கும். குந்தும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறதா என்பதே மற்றவற்றைவிட நம்பகமான சோதனை. அவருக்குப் பாதி குந்தும்போதே 10-க்கு 6 வலி.

தசை பலத்தை டைனமோமீட்டர் என்ற விசை அளக்கும் கருவியால் அளந்தேன். காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்புத் தசைகள் வலது பக்கம் 9.4 கிலோ, இடது 13.6. தொடையை வெளிப்பக்கம் சுழற்றும் தசைகள் 7.1, 9.9. குவாட்ரிசெப்ஸ் 19, 26. மூன்றிலுமே வலது பக்கம் கால் பங்குக்கு மேல் குறைவு. சில்லுக்கு மேலே 10 செ.மீ. தூரத்தில் தொடைச் சுற்றளவு வலதில் 1.8 செ.மீ. சிறுத்திருந்தது. வெளித்தொடை மட்டும் கயிறு மாதிரி இறுகியிருந்தது. மொத்தத்தில் முன்முழங்கால் வலிக்கான குஜாலா மதிப்பெண் 100-க்கு 57 (100 என்றால் தொந்தரவே இல்லை).

அப்புறம் 20 செ.மீ. உயரப் பலகையில் வலது காலில் நிற்கச் சொல்லி, இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கச் சொன்னேன். போனில் முன்பக்கமிருந்து வீடியோ எடுத்தேன். அதை வேகம் குறைத்து அவருக்கே காட்டினேன். இடது பக்க இடுப்பு சரிகிறது. வலது தொடை உள்பக்கம் சுழல்கிறது. முட்டி கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போய் விழுகிறது. பாதத்தின் வளைவு தட்டையாகி அமுங்குகிறது. எல்லாமே ஒரு நொடிக்குள்.

"இது என் காலா மேடம்? நான் நேராத்தானே எறங்குனேன்" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1986-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜென்னி மெக்கனல் சில்லை உள்பக்கம் இழுத்து டேப் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து ரொம்ப காலம் எங்கள் துறையில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னோம்: உள்தொடைத் தசை பலவீனம், வெளித்தொடைத் தசை பலம், அதனால் சில்லு வெளியே இழுபடுகிறது. 2003-ல் கிறிஸ்டோபர் பவர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆட்களைக் காலில் எடை தாங்க வைத்துப் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. எடை தாங்கும்போது சில்லு பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறது, அதன் அடியில் தொடை எலும்புதான் உள்பக்கம் சுழல்கிறது. அதே வருடம் மேரி லாயிட் அயர்லாந்தும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், முட்டிச் சில்லு வலி உள்ள பெண்களுக்கு இடுப்பை விரிக்கும் தசை 26 சதவீதமும் வெளிச்சுழற்றும் தசை 36 சதவீதமும் பலம் குறைந்திருந்தன. பலவீனம் வலியைக் கொண்டுவந்ததா, வலி பலவீனத்தைக் கொண்டுவந்ததா என்று அந்த ஒரு அளவிலிருந்து சொல்ல முடியாது. சிகிச்சை தருபவருக்கு இரண்டு பக்கமும் அவிழ்க்க வேண்டிய முடிச்சுதான்.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அக்காவே ஒன்று சொன்னார். அவர்கள் கடைப் பின்பக்க ஷட்டரில் ஒரு லோடு வண்டி இடித்து, பக்கச் சட்டம் லேசாக வளைந்துவிட்டதாம். ஷட்டர் ஏறும்போதெல்லாம் உரசியிருக்கிறது. ஒரு வருடம் ஷட்டருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். "கடைசில சட்டத்தை நிமித்துனாத்தான் சரியாச்சு. என் முட்டியும் அப்படியா மேடம்?" அப்படித்தான். அதற்குப் பிறகு நான் வேறு உவமை தேடவே இல்லை.

முதல் மூன்று வாரம்

டேப் ஒட்டினேன். சில்லை உள்பக்கம் லேசாகத் தள்ளி ஒட்டியதும் அதே 20 செ.மீ. படியில் வலி 6-லிருந்து 3 ஆனது. டேப் எலும்பை உண்மையில் எவ்வளவு நகர்த்துகிறது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பயந்து போன ஒருவருக்கு "வலி குறையும், என் கண் முன்னாலேயே குறைந்தது" என்ற அனுபவம் தருகிறது. அதற்காகவே இன்றும் வைத்திருக்கிறேன். மதுரை வெயிலில் வியர்த்து அரிப்பு வந்ததால் மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டோம்.

பயிற்சியை இடுப்பிலிருந்து தொடங்கினேன். இடுப்புத் தசைக்கு வேலை கொடுக்கும்போது சில்லின் மேல் பாரம் விழாது, அதனால் எரிந்துகொண்டிருக்கும் முட்டியைக் கிளறாமல் ஆரம்பிக்கலாம். சுவரில் முதுகை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, குதிகால் சுவரை உரசியபடியே மேல்காலைத் தூக்குவது. சுவர் எதற்கென்றால், இல்லாவிட்டால் எல்லோரும் காலை முன்பக்கம் கொண்டுபோய் வேறு தசையால் தூக்கிவிடுவார்கள். அந்த அக்கா 6 தடவைக்கு மேல் தூக்க முடியாமல் கால் நடுங்கிப் போனார். இடது பக்கம் 15 தடவை சிரமமில்லாமல் தூக்கினார். அதோடு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முட்டிக்கு மேலே ரப்பர் பட்டை கட்டி ஒருக்களித்துப் படுத்து முட்டியை விரிப்பது. குவாட்ரிசெப்ஸுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து காலை 90 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை மட்டும் நீட்டுவது. உட்கார்ந்து நீட்டும்போது கடைசிப் பகுதியிலும், நின்று குந்தும்போது ஆழமான பகுதியிலும்தான் சில்லுக்கு அழுத்தம் கூடும். அதனால் ஆரம்பத்தில் அந்த இரண்டையும் தவிர்ப்பது வழக்கம்.

கடையில் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. கேரளம் 2018-லேயே செய்தது. அந்த அக்காவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஸ்டூல் கிடைத்தது, சண்டை போடாமலே கிடைத்தது. கூடவே ஒரு சின்ன நோட்டில் தினமும் எத்தனை தடவை மாடி ஏறி இறங்குகிறார் என்று எழுதச் சொன்னேன். சாதாரண நாளில் 18.

நான் தவறிய இடம்

மூன்றாவது வாரம் முடிவில் படுத்துச் செய்யும் பயிற்சிகள் சுலபமாகிவிட்டன. வலி 3-க்கு வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 20 செ.மீ. படியில் இறங்கும் பயிற்சி, 15 தடவையாக மூன்று சுற்று, கூடவே சுவரில் சாய்ந்து குந்துவது, எல்லாம் தினமும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடி ஆரம்பம். நோட்டில் மாடிக் கணக்கு 40-ஐத் தாண்டியது. காலை 9 மணியிலிருந்து இரவு 10 வரை நின்றே வேலை, ஸ்டூலில் சேலைக் கட்டுகள். அத்தனைக்கும் பிறகு வீட்டுக்குப் போய் என் பயிற்சியையும் விடாமல் செய்திருக்கிறார். நாலாவது நாள் வலி 8. சில்லைச் சுற்றி லேசான வீக்கம். 9 நாள் கிளினிக் பக்கமே வரவில்லை. நான் போன் செய்தபோது, "நீங்க சொன்னதைத்தான் மேடம் செஞ்சேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

பயிற்சியும் பாரம்தான் என்பதை நான் அவர் நோட்டில் சேர்த்துக் கணக்கிடவில்லை. தசையின் பலத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். முட்டி ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டேன். தசைச் சமநிலையைச் சரிசெய்கிறேன் என்று இறங்கும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அவர் திரும்ப வந்த அன்று எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். இந்த முறை கழற்றி வைத்த செருப்பும் கண்ணில் பட்டது. வலது செருப்பின் குதிகாலில் உள்பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, நடுவில் இருக்கும் வெள்ளை நுரை தெரிந்தது. இடது செருப்பு சமமாக இருந்தது. "இந்தக் கணுக்கால்ல எப்பவாவது அடிபட்டிருக்கா அக்கா?" என்று கேட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பிசகியிருக்கிறது. கட்டுப் போட்டு இரண்டு மாதம் நொண்டியிருக்கிறார். முட்டி வலி அதற்கடுத்த வருடம் ஆரம்பித்தது. இதை அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

சுவருக்கு எதிரே பாதத்தை வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடும் சோதனை செய்தேன். இடது பாதம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தாலும் தொட முடிகிறது. வலது 5 செ.மீ. மட்டும். கணுக்கால் முன்பக்கம் மடங்காவிட்டால், படி இறங்கும்போது உடம்பு வேறு வழி தேடும்: பாதம் உள்ளே அமுங்கும், முட்டி உள்ளே விழும். பழைய பிசகுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கணுக்காலை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் பலப்படுத்தியதில் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஐந்தாவது வாரத்திலிருந்து

முதலில் ஒரு விதி வைத்தோம். பயிற்சியின்போது வலி 3 வரை வரலாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அன்று பயிற்சி பாதி. மாடிக் கணக்கு 25-ஐத் தாண்டிய நாளில் நின்று செய்யும் பயிற்சி கிடையாது. கடுமையான பயிற்சி வாரத்தில் 3 நாள் மட்டும்.

கணுக்காலுக்கு, சுவரை நோக்கி முட்டியைத் தள்ளும் அசைவு, கெண்டைத் தசையை நீட்டுவது, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. இறுகிய வெளித்தொடையில் இருக்கும் பட்டையை உருளையால் தேய்த்து நீளமாக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சுலபத்தில் நீளும் திசு இல்லை. அந்த நேரத்தை அதை இழுத்துப் பிடிக்கும் இடுப்பின் முன்பக்கத் தசையை நீட்டுவதற்குச் செலவழித்தோம்.

படி இறங்கும் பயிற்சியைப் படுக்கவைத்த ஒரே ஒரு செங்கல்லிலிருந்து மறுபடி தொடங்கினோம். வீட்டுப் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே 8 தடவை. நேராகப் போகாத ஒன்று கணக்கில் வராது. பத்து தடவை கோணலாகச் செய்தால் கோணலைத்தான் பழகுகிறோம். இரண்டு வாரம் கழித்து இரண்டு செங்கல். பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நிற்பது என்பதை அவராகவே சேர்த்துக்கொண்டார். பின்னால் இருந்து பார்த்த மகன், "அம்மா இடுப்பு சாயுது" என்று சொல்லித் திருத்துவானாம்.

ஒன்பதாவது வாரத்தில் குந்துவதைத் தொடங்கினோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, வலி அனுமதிக்கும் ஆழம் வரை. வருடக்கணக்காகக் குந்தாமல் இருந்தவர். முதல் நாள் முழுதாகக் கீழே போய் உட்கார்ந்தபோது எழுந்திருக்கவே மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

12-வது வாரம், இடைவெளியான 9 நாளையும் சேர்த்துதான் சொல்கிறேன், அளவுகள் இப்படி இருந்தன. இடுப்பு விரிப்பு வலது 14.1 கிலோ, இடது 15.0. வெளிச்சுழற்சி 10.0, 10.6. குவாட்ரிசெப்ஸ் 25, 28. கணுக்கால் 8.5 செ.மீ. குஜாலா மதிப்பெண் 84. 20 செ.மீ. படியில் வலி 1. வீடியோவில் முட்டி பாதத்துக்கு மேலே நேராக நின்றது, களைத்துப் போன கடைசி இரண்டு தடவையைத் தவிர.

தீபாவளி விற்பனை வந்தபோது எனக்குத்தான் பயமாக இருந்தது. மாடிக் கணக்கு ஒரு நாள் 44. வலி 4 வரை போய், இரண்டு நாளில் 1-க்குத் திரும்பியது. அந்த இரண்டு வாரமும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

மார்கழி மூன்றாம் தேதி ஒரு படம் அனுப்பினார். வாசலில் 15 புள்ளிக் கோலம், சாணித் தரை இன்னும் ஈரமாக, ஓரத்தில் பூசணிப்பூ. அவர் காலும் படத்தில் விழுந்திருந்தது, கோலப்பொடி ஒட்டிய வலது பாதம்.

அந்த வாரமே நேரில் வரச்சொல்லிப் பார்த்தேன். மதிப்பெண் 88. குந்தி உட்கார்ந்தால் வலது குதிகால் இன்னும் ஒரு விரற்கடை தூக்கித்தான் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு மேல் குந்தினால் வலி 2 வருகிறது. நீட்டி மடக்கும்போது வரும் 'கடக் கடக்' சத்தம் அப்படியே இருக்கிறது. வலி இல்லாத சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன், அவர் ஏற்கெனவே அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டிருந்தார். வாரம் இரண்டு நாள் பயிற்சி தொடர்கிறது. செங்கல் இப்போது மூன்று.